நான்காவது கிதார்க்காரர்

1

இந்த ஊருக்கு வந்து பத்து வருடம் முடிந்த நாளில் வேலை விட்டு வீட்டுக்குள் நுழைந்தால், சமையலறை மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு பேருக்கும் கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை, முகத்தில் வெள்ளைப் பவுடர். அவர்களில் ஒருத்தி என் மகள் தாரணி. பதினைந்து வயது. மற்ற மூவரும் அவளுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள். காலை ஆறு மணியிலிருந்து ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு வந்தவனுக்கு உட்கார ஒரு நாற்காலி இல்லை.

அடுப்பருகே நின்றிருந்த என் மனைவி சாந்தாமணி என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள். "ஏனுங்க, நல்ல நாளும் அதுவுமா ஊட்டுல எழவு உழுந்தாப்பல உக்காந்திருக்குதுங்க பாருங்க. என்னன்னு கேட்டா, கிதார் வாசிக்கறவிங்களப் பத்திப் பேசறாங்களாமா."

இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறோம். இந்தப் பக்கத்திலிருந்து கிளம்பிய ஒரு பாட்டுக் குழுவின் பெயர் பேல் வெஸ்ட்ரி. கல்லறை, மழை, கைவிட்ட காதல், இவைதான் அவர்களுடைய பாடுபொருள். இந்த வகைப் பாட்டுக்கு கோத் ராக் என்று பெயர். அந்தக் குழுவில் இதுவரை மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக கிதார் வாசித்திருக்கிறார்கள். மூவரில் யார் பெரியவர் என்பதுதான் சண்டை.

டாம் என்கிற நெட்டைப் பையன் முதல் ஆளான ஏட்ரியன் கட்சி. "அவர் மூன்று ஸ்வரத்துக்கு மேல் வாசிக்கமாட்டார். அந்த மூன்றையும் வேறு எவனாலும் வாசிக்க முடியாது" என்றான். ஜெம்மா என்ற பெண் இரண்டாவதாக வந்த ரோரியின் கட்சி. பன்னிரண்டு தந்திக் கிதாரை அந்தக் குழுவுக்குள் கொண்டுவந்தவர் அவர்தானாம். இரண்டாவது ரெக்கார்டு முழுக்க அவர் கைவண்ணமாம். மூன்றாவதாக வந்த க்ளைவுக்குப் பரிந்து பேசின இன்னொரு பையன், மற்றவர்கள் உருவாக்கியதை மேடையில் காப்பாற்றியவர் க்ளைவ்தான் என்றான். அவன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த மாதிரிச் சண்டை எனக்குப் புதிதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு எதிரே டீக்கடையில், எந்தக் கட்டிங் மாஸ்டர் துணியைக் குறைவாக வீணாக்குவார் என்று மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். கட்சி கட்டி, டீ ஆறி, வேலைக்கு நேரமாகி, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். கண்ணில் மை மட்டும்தான் இட்டுக்கொண்டதில்லை.

கடைசியில் தாரணி மேசையைத் தட்டிச் சொன்னாள்.

"நீங்கள் எல்லாரும் தப்பு. நான்காவது ஆள்தான் பெரியவர்."

மூன்று பேர்தான் வாசித்தார்கள் என்று மேலே சொன்னேன். ரெக்கார்டு உறைகளில் மூன்று பெயர்தான் இருக்கிறது. ஆனால் எண்பதுகளின் கடைசியில் அந்தக் குழுவின் பெயர் போட்டு ஒரு டி-சர்ட் வந்தது. கறுப்புத் துணியில் வெள்ளை மை. அதில் நான்கு முகங்கள், நான்கு கிதார்கள். முதல் மூன்று பேர் யாரென்று உலகத்துக்குத் தெரியும். நான்காவது ஆளை யாருக்கும் தெரியாது. தாடையை உயர்த்தி, தோள்வரை முடி தொங்க, இடது புருவத்தில் ஒரு வெட்டோடு நிற்கிறான். குழுவின் மேனேஜர் அந்தச் சரக்கை வாங்க மறுத்து, அது சந்தைக் கடைகளில் விலை போய், பிறகு ஒரு நாள் குழுவின் பாடகரே வேடிக்கைக்காக அதைப் போட்டுக்கொண்டு மேடையேறினாராம். அன்றிலிருந்து ரசிகர்களுக்கு அது தேடிப் பிடிக்கும் பொருளாகிவிட்டது. தாரணி சனிக்கிழமைகளில் ரொட்டிக் கடையில் நின்று சேர்த்ததையெல்லாம் கொடுத்து ஒன்று வாங்கி, போட்டுக்கொள்ளாமல் சுவரில் மாட்டியிருக்கிறாள்.

முதல் ரெக்கார்டில் பெயர் சொல்லாமல் வாசித்துவிட்டுப் போனவன் அவன் என்கிறார்கள் சிலர். பாடகரின் செத்துப்போன அண்ணன் என்கிறார்கள் சிலர். அந்தப் புருவ வெட்டு ரோரியோடு நடந்த அடிதடியில் வந்தது என்று டாம் அடித்துச் சொல்கிறான்.

அந்த வெட்டு, அவிநாசி ரோட்டில் சைக்கிளிலிருந்து விழுந்தபோது எனக்கு வந்தது. நான்காவது கிதார்க்காரன் நான்தான்.

2

இதை நான் பத்து வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. சாந்தாமணிக்குத் தெரியும், அவள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. தினமும் என் முகத்தைப் பார்க்கிற தாரணிக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரியவும் வழியில்லை. அப்போதிருந்த முடி இப்போது இல்லை. கண்ணாடியின் தடித்த ஃபிரேம் புருவத்தை மூடிவிடுகிறது. தாடையை உயர்த்திக்கொண்டு நடந்த காலமும் போய்விட்டது.

சண்டை முடிந்து சிநேகிதர்கள் கிளம்பிய பிறகு தாரணி அந்த டி-சர்ட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, நீங்க பனியன் கம்பெனியில இருந்தீங்கல்ல? இது எங்க செஞ்சதுன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

ரசிகர்களே எழுதி, நகலெடுத்து, தபாலில் அனுப்புகிற சிறு பத்திரிகை ஒன்று இருக்கிறது. அதன் அடுத்த இதழ் முழுக்க முழுக்கக் கிதார்க்காரர்களைப் பற்றி. அதில் நான்காவது ஆளைப் பற்றி எழுதும் பொறுப்பை இவளிடம் கொடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே எட்டுப் பக்கம் எழுதிவிட்டாள். அவன் உண்மையில் இருந்தான், வாசித்தான், வேண்டுமென்றே மறைக்கப்பட்டான் என்று ஒவ்வொரு பாட்டாகக் கேட்டு ஆதாரம் சேர்த்திருக்கிறாள். முதல் ரெக்கார்டில் இரண்டாவது பாட்டின் நடுவே ஒரு கிதார் சத்தம் மற்ற மூவர் கையிலும் வராதாம்.

நான் சட்டையை வாங்கிப் பார்த்தேன். உடம்புத் துணியில் பக்கத் தையல் இல்லை, திருப்பூர்ப் பின்னல் அப்படித்தான் குழாயாக வரும். கழுத்துப் பட்டையில் எங்கள் ஓவர்லாக் டெய்லர் எப்போதும் விடுகிற அந்தச் சின்னக் கோணல். கறுப்பு வெளுத்து இரும்புச்சட்டி நிறத்துக்கு வந்திருந்தது. அதை மடித்த கை யாருடையது என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

"தெரியல கண்ணு" என்றேன். "எங்க வேணும்னாலும் செஞ்சிருக்கலாம்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். சாந்தாமணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை நிறுத்தினாள். "புள்ள எட்டுப் பக்கம் எழுதிப்போட்டா. நாளைக்கு ஆராவது உண்மையக் கண்டுபுடிச்சா, சிரிக்கறது உங்களைப் பாத்தில்லீங்க, அவளைப் பாத்து" என்றாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டாள்.

3

அந்தச் சட்டைக்குப் படம் வரைந்தவர் மயில்சாமி.

திருப்பூரில் நான் வேலை பார்த்த கம்பெனி பனியன் ஏற்றுமதி செய்தது. நான் அங்கே மெர்ச்சண்டைசர். அதாவது வெளிநாட்டுக்காரர் என்ன கேட்கிறார் என்று புரிந்துகொண்டு, அதைக் கட்டிங், தையல், பிரிண்டிங் ஆட்களிடம் சொல்லி, கேட்டதுதான் வருகிறதா என்று பார்க்கிற வேலை. நடுவில் இருப்பவனுக்கு இரண்டு பக்கமும் இடி. பிரிண்டிங் வேலையெல்லாம் மயில்சாமியின் பட்டறைக்குப் போகும். அப்போது கம்ப்யூட்டர் ஏது? சரக்கு வாங்குகிற பையர் அனுப்பும் படத்தின் மேல் டிரேசிங் பிலிமை வைத்து, பிரஷ்ஷால் கறுப்பு மை தொட்டு, கையாலேயே வரைந்துதான் அச்சடிக்கிற ஸ்கிரீன் எடுக்க வேண்டும். மயிலண்ணன் கைக்குத் திருப்பூரில் ஜோடி இல்லை. எங்கள் கல்யாணப் பத்திரிகைக்கும் அவர்தான் எழுத்து எழுதிக் கொடுத்தார்.

லீட்ஸிலிருந்து டேவிட் என்ற பையர் பேல் வெஸ்ட்ரி ஆர்டரை அனுப்பினார். ஒருவர் பின் ஒருவராக வாசித்த மூன்று கிதார்க்காரர்களையும் ஒன்றாக நிற்கவைத்த படம். நான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் போனால் மயிலண்ணன் பிலிமைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்கண்ணா, இன்னும் ஆரம்பிக்கலீங்களா?"

"தம்பி, இதுல மூணு பேருங்க."

"ஆமாங்க. மூணு பேருதான்."

"கறுப்புத் துணி. மூணு ஆளு. மூணு பேரும் மூஞ்சிக்கு மாவப் பூசிட்டு செத்தவிங்க மாதிரி நிக்கறாங்க. நான் எப்புடீங்க கை வெக்கறது?"

மூன்று பேராக நின்று போட்டோ எடுக்கக் கூடாது என்று நம் பக்கத்தில் சொல்வது உங்களுக்குத் தெரியும். எடுத்தால் ஒருவருக்கு ஆகாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், மூன்று பேர் நின்றால் பக்கத்து வீட்டுக் குழந்தையையாவது தூக்கிவந்து நாலாக்கிவிடுவோம். ஆனால் மயிலண்ணனுக்கு அது வெறும் வழக்கமில்லை. அவிநாசித் தேரன்று அவரும் அவருடைய அண்ணனும் தம்பியும் மூன்று பேராக ஸ்டுடியோவில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தேருக்குத் தம்பி இல்லை. அந்தப் போட்டோவை அவர் பட்டறையில் திருப்பித்தான் மாட்டியிருந்தார்.

"வெள்ளைக்காரங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கண்ணா" என்றேன்.

"ஏனுங்க, அவிங்களும் ஆரோ பெத்த புள்ளைங்கதானுங்களே?"

ஓரத்தில் ஒரு பூவோ பூனையோ போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பூ மனுசனாகாது என்றார். இரண்டு நாள் கழித்து ஒரு வேலையாகப் போனேன். வழியில்தான் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோக்களை வாங்கியிருந்தேன். தன்னிடம் வேலைக்கு வருகிறாயா என்று டேவிட் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை நம்பித்தான் பாஸ்போர்ட் ஏற்பாடு. மயிலண்ணன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "எனக்கொண்ணு குடுத்துட்டுப் போங்க தம்பி, சீமைக்குப் போற ஆளு, ஞாவகமா வெச்சுக்கறேன்" என்றார். கொடுத்தேன்.

வாரக் கடைசியில் முதல் பீஸ் வந்தது. எந்த வேலையிலும் முதல் பீஸின் உள்மடிப்பில் விரலால் கொஞ்சம் மஞ்சள் தடவித்தான் அவர் கொடுப்பார். அன்றும் தடவியிருந்தார். அதை மேசைமேல் விரித்துவிட்டு, "நாலாவது ஆளு ஆருன்னு பாருங்க" என்றார்.

அரை நிமிடம் ஆனது எனக்கு. தோள்வரை முடி, கையில் கிதார், முகத்தில் அந்த மாவு. புருவத்து வெட்டைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"உங்களுக்கு முன்னாடி உங்க மூஞ்சி போயிச் சேரட்டுமுங்க" என்றார் மயிலண்ணன். "அந்த மூணு பேருக்கும் துணைக்கு ஒரு ஆளும் ஆச்சு."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. வெளிநாட்டில் யாரோ ஒருவன் நெஞ்சில் என் முகத்தோடு நடப்பான் என்று நினைக்கவே குஷியாக இருந்தது. ஒரு சின்ன அட்டையில் "ஓகே" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பீஸில் கட்டினேன். அந்த அட்டை கட்டிய பீஸ்தான் அப்ரூவல் சாம்பிள். அதைப் பார்த்துத்தான் மொத்தச் சரக்கும் ஓடும். அதில் கையெழுத்துப் போட்டவன்தான் அந்தச் சரக்குக்குப் பொறுப்பு. இது திருப்பூரில் செக்கிங் செய்கிற பெண்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

4

சரக்கு போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் டெலக்ஸ் வந்தது. நான்காவது ஆள் யார்? பிறகு டேவிட்டே நேரில் வந்துவிட்டார்.

முதலாளி அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். முதலாளி, டேவிட், நான், மயிலண்ணன். மயிலண்ணன் உட்காரவில்லை. அந்த மாவுக்கும் கிதாருக்கும் நடுவே இருப்பது என் முகம் என்று முதலாளிக்கும் டேவிட்டுக்கும் உறைக்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"துரைசாமி, சாம்பிள் அப்ரூவல் ஆருது?"

அந்த அட்டை கட்டிய பீஸ் என் அலமாரியில் பூட்டியிருந்தது. நான் சொன்னது இதுதான்: "எனக்கு சாம்பிளே வரலீங்க. அவரே ஓட்டிப்போட்டாருங்க."

சொல்லும்போது டேவிட்டைத்தான் பார்த்தேன். அவர் கையில் என் லீட்ஸ் இருந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது, தாரணிக்கு அப்போது ஐந்து வயது, அவளுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்று சாந்தாமணியிடம் சொல்லியாகிவிட்டது. இதையெல்லாம் காரணம் என்று எழுதுகிறேன். காரணம் எத்தனை சொன்னாலும் பொய் பொய்தான்.

முதலாளி மயிலண்ணன் பக்கம் திரும்பினார். மயிலண்ணன் போட்டிருந்தது மெல்லிய வெள்ளைச் சட்டை. பையில் இருந்தது வெளியே தெரிந்தது. என் போட்டோ. அதை எடுத்து மேசைமேல் வைத்திருந்தால் போதும், இவன் முகத்தை இவனுக்குத் தெரியாமலா போட்டேன் என்று கேட்டிருந்தால் போதும், நான் அங்கேயே முடிந்திருப்பேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. பிறகு முதலாளியிடம், "என்ற தப்புதானுங்க" என்றார்.

அவ்வளவுதான். அன்றோடு எங்கள் கம்பெனி வேலை அவருக்கு நின்றது. சொல்லாமல் படத்தை மாற்றுகிற ஆள் என்று பெயர் வந்துவிட்டால் திருப்பூரில் யார் வேலை கொடுப்பார்கள்? ஒவ்வொரு கம்பெனியாக நின்றது. நான் லீட்ஸுக்கு விமானம் ஏறுவதற்குள் பட்டறையைக் காலி செய்துவிட்டார். போய்ப் பார்க்கவில்லை. பார்க்கிற முகம் எனக்கு இல்லை.

அந்தச் சாம்பிளை ஊரில் விட்டுவர பயமாக இருந்தது. எரிக்கவும் மனம் வரவில்லை. பெட்டிக்குள் அடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். டேவிட்டின் கம்பெனி மூன்று வருடத்தில் மூடப்பட்டது. நான் சலவைக் கூடத்துக்கு வந்தேன். பனியனை விட்டாலும் துணி என்னை விடவில்லை.

5

இதற்கிடையில் எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. அடுத்தது பாஸ்போர்ட். என் பெயர் துரைசாமி, அப்பா பெயர் ராமசாமி. இங்கே வந்த புதிதில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அன்றிலிருந்து எல்லாக் கவுண்டரிலும் நான் மிஸ்டர் ராமசாமி. பத்து வருடமாக இந்த நாடு என் அப்பாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. கூப்பிட்டதும் என்னையறியாமல் "சொல்லுங்க" என்றுதான் வாயில் வருகிறது. கவுண்டரில் இருக்கும் பெண் சிரிக்கவும் மாட்டாள், முறைக்கவும் மாட்டாள், பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பாள்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒரு நிபந்தனை உண்டு. போட்டோவின் பின்னால், இது இன்னாருடைய உண்மையான தோற்றம்தான் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சொந்தக்காரராக இருக்கக் கூடாது. என்னை இரண்டு வருடமாவது தெரிந்திருக்க வேண்டும். டாக்டர், ஆசிரியர், பாதிரியார் மாதிரி மதிப்பான ஆளாக இருக்க வேண்டும். அப்படி யார் இருக்கிறார்கள் எனக்கு? டாக்டர் ஒவ்வொரு தடவையும் மாறிவிடுகிறார். பல் டாக்டரைக் கேட்டேன். வாயைத் திறந்து வைத்திருந்தால் அடையாளம் தெரியும் என்றார், நல்ல மனிதர். கடைசியில் தாரணியின் வகுப்பாசிரியர் போட்டுக் கொடுத்தார். பெற்றோர் கூட்டத்தில் வருடத்துக்கு ஒரு தடவை பார்த்த பழக்கம். போட்டோவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் எழுதினார்.

விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்வது எங்கள் வீட்டில் தாரணியின் வேலை. அவளுடைய ஆங்கிலம் எங்களுடையதைவிட மேல் என்று அவள் எட்டு வயதிலேயே முடிவாகிவிட்டது. அன்று மாலை மேசையில் உட்கார்ந்து, "அப்பா, பழைய பாஸ்போர்ட் நம்பர் வேணும்" என்றாள். அலமாரியிலிருந்து என் இந்திய பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு டீ போடப் போனேன். அந்த நேரம் எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது மேசையில் விண்ணப்பம் மட்டும் கிடந்தது. மாடியில் அவள் அறைக் கதவு திறந்திருந்தது. சுவரில் இருந்த டி-சர்ட்டுக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வருவது தெரிந்தும் திரும்பவில்லை.

"கண்ணாடியக் கழட்டுங்க" என்றாள்.

கழற்றினேன். அவள் என் புருவத்தைப் பார்த்தாள். பிறகு சட்டையைப் பார்த்தாள்.

"நான் கேட்டேன்ல? எங்க செஞ்சதுன்னு. தெரியலன்னு சொன்னீங்க."

"ஆமா கண்ணு."

"எட்டுப் பக்கம் எழுதியிருக்கேன், அப்பா."

குரலில் கோபத்தைவிட அவமானம்தான் இருந்தது. அது என்னை அதிகம் சுட்டது. வாய்ப் பேச்சாக இதைச் சொல்லி முடிக்க முடியாது என்று தெரிந்தது. பரணிலிருந்து பெட்டியை இறக்கி, அடியில் இருந்த சாம்பிளை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். பத்து வருடம் வெளிச்சம் படாத கறுப்பு, புதிதாகவே இருந்தது. அட்டை இருந்தது. ஓகே, கையெழுத்து, தேதி. உள்மடிப்பைத் திருப்பிக் காட்டினேன். மஞ்சளும் இருந்தது.

உங்களுக்கு மேலே எழுதினதையெல்லாம் அப்போது அவளுக்குச் சொன்னேன். பாதியில் சாந்தாமணியும் மேலே வந்து கதவருகே நின்றுகொண்டாள். "என்ற தப்புதானுங்க" என்று மயிலண்ணன் சொன்ன இடத்தில் என்னால் தொடர முடியவில்லை. "மிச்சத்தையும் சொல்லுங்க" என்றாள் சாந்தாமணி. சொன்னேன்.

6

நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். தாரணி கேட்டது வேறு.

"மூணு பேரா இருந்தா ஒருத்தர் செத்துடுவாங்கன்னுதான் நாலாவது ஆளைப் போட்டாரா?"

"ஆமா."

"டிரம்மர் செத்துட்டாரு. கீபோர்டு வாசிச்சவரு செத்துட்டாரு" என்று விரலை மடக்கினாள். "ஏட்ரியன், ரோரி, க்ளைவ் மூணு பேரும் உயிரோட இருக்காங்க, அப்பா."

கதவருகே சாந்தாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

மறுநாள் அந்த நான்கு கறுப்புச் சட்டைகளும் மீண்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தன. எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். டாம் என் புருவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய துக்கச் செய்தி கேட்டவன்போல ஆகிவிட்டான். "உங்களுக்குக் கிதார் வாசிக்கவே தெரியாதா, மிஸ்டர் ராமசாமி?" என்றான். பிடிக்கவே தெரியாது என்றேன். "அப்படியானால் இரண்டாவது பாட்டின் நடுவே வருகிறது யார்?" என்றாள் ஜெம்மா. அது ஏட்ரியன்தான் என்று டாம் தொடங்க, ரோரி வந்து பிறகு சேர்த்தது என்று அவள் சொல்ல, சண்டை பழைய இடத்திலேயே சூடு பிடித்தது. க்ளைவ் கட்சிப் பையன் மட்டும் சாம்பிளைக் கையில் எடுத்து, அந்த நான்கு முகத்தையும் விரல் படாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை வரைந்தவர் யாரென்று யாருமே கேட்டதில்லையே" என்றான்.

தாரணி அந்த எட்டுப் பக்கத்தைக் கிழித்துவிட்டாள். புதிதாக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். அட்டையைப் படமெடுத்துப் போடப்போகிறாள், என் கையெழுத்து தெரிகிற மாதிரி. நான் சொன்ன பொய்யும் அதில் இருக்கிறது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

பிறகு பேனாவோடு என் எதிரே உட்கார்ந்தாள்.

"அவர் போட்டோ இருக்கா?"

"இல்ல கண்ணு."

"சரி, எப்படி இருப்பாருன்னு சொல்லுங்க. டாம் வரைவான்."

சொல்ல ஆரம்பித்தேன். விரல் நகங்களில் போகாத கறுப்பு மை. பிலிம்மேல் குனிந்தால் தெரிகிற பிடரி. மெல்லிய வெள்ளைச் சட்டை, அதன் பை. அதற்குமேல் எனக்கு வரவில்லை. மூக்கு எப்படி, கண் எப்படி, மீசை இருந்ததா? ஏழு வருடம் தினமும் பார்த்த மனிதர். அவர் என்னுடைய ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு, பத்து வருடம் கழித்து என் மகள் அடையாளம் காணும்படி வரைந்துவிட்டார். அவருடைய முகத்தை என்னால் வாயால்கூடச் சொல்ல முடியவில்லை. அந்த அறையில் அவரைப் பார்க்காமல் டேவிட்டைப் பார்த்துக்கொண்டு பேசினேன் அல்லவா, அதோடு போய்விட்டது போலிருக்கிறது. டாம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

திருமுருகன்பூண்டியில் கல் பட்டறை ஒன்றில், கோயில் கல்வெட்டுகளுக்கு உபயதாரர் பெயர்களை எழுதிக் கொடுக்கிறார் மயிலண்ணன் என்று சாந்தாமணியின் தம்பி மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதியிருந்தான். இப்போதும் அங்கேதான் இருக்கிறாரா என்று தெரியாது. கடிதம் போட்டேன், பதில் இல்லை. பதில் வராததற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது. அதனால்தான் நம் ஊரில் பலர் கண்ணில் படும் இந்தத் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவரைப் பார்த்தால், அந்தச் சரக்கில் தப்பு எதுவுமே இல்லை என்று சொல்லுங்கள். சாம்பிள் வந்தது, துரைசாமி பார்த்தான், சிரித்தான், கையெழுத்துப் போட்டான் என்று சொல்லுங்கள். அட்டை என்னிடம் இருக்கிறது.

முடிந்தால் அவரைக் கேட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். தனியாக நிற்கக் கூச்சப்பட்டால் பக்கத்தில் இரண்டு பேர் நின்றுகொள்ளலாம் என்று எழுத வந்தேன். வேண்டாம், அதற்கு அவர் ஒப்பமாட்டார். கொஞ்சம் பொறுங்கள். புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. திருப்பூருக்கு வர இனிமேல் எனக்கு விசா வேண்டுமாம், அதற்கும் தாரணி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள். நாலாவது ஆளாக நிற்க நான் வருகிறேன்.